ஒரு பட்டாணி அளவு

திருகோணமலை,
யூலை 14

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. உடனே எழுத முடியாமல் போனதற்கு ஏ.எல். பிள்ளைகளின் பின்னேர வகுப்புகள் ஒரு காரணம், கச்சான் காற்று மற்றக் காரணம். லண்டனில் இருந்து இருந்து உனக்கு அது மறந்திருக்கும். காலை பத்து மணிக்கே மேற்கிலிருந்து அனலாக அடிக்கத் தொடங்கினால், கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் அப்பளமாகிவிடும். வாசலைக் கூட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் சருகு. நேற்று மத்தியானம் இரண்டு மான்கள் எங்கள் மதில் நிழலில் வந்து படுத்துக்கொண்டன. எழுப்ப மனம் வரவில்லை, நான்தான் பின்கதவால் போய்வந்தேன்.

மகளைப் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பருவுக்கு டொக்டர் தந்த ஜெல்லைப் பூசத் தொடங்கி மூன்றாம் கிழமை, முகம் முன்பைவிட மோசம், கன்னம் சிவந்து உரிகிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள். "உன்ர மகளுக்குச் சுகமாகினதுதானே, நீ சொல்லு, எறியிறதா வைக்கிறதா?" என்று கேட்டிருக்கிறாய். என் மகளுக்குச் சுகமானது உண்மைதான். ஆனால் அந்த ஒரு முகத்தை மட்டும் வைத்து உனக்குப் பதில் சொன்னால் அது பாதிப் பொய். இந்த இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்த நாலு பேர் பருவுக்கு மருந்து பூசினார்கள். நாலும் நாலு விதமாக முடிந்தது.

முதலில் எங்கள் கதையை நினைத்துப் பார். பத்தாம் வகுப்பில் உன் நெற்றியும் என் நாடியும் இருந்த இருப்பு! பற்பசை பூசினோம், வேப்பிலை அரைத்தோம், எலுமிச்சம்புளி தேய்த்து இரண்டு நாள் எரிவோடு திரிந்தோம். பாதை திறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மம்மா எங்கள் இருவரையும் கன்னியாவுக்கு இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? இராவணன் தாயின் கிரியைக்காகக் குத்திய கிணறுகள், அதில் குளித்தால் தோல் நோய் எல்லாம் பறக்கும் என்றா. ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. ஒன்றையும் விடாமல் வாளியால் அள்ளி ஊற்றினோம். பரு அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது வாங்கித் தந்த கச்சான் கடலைச் சரை மட்டும்தான் மிச்சம்.

அந்த நாலு பேரில் முதல் ஆள் என் மகள். அவளுக்குப் பதினாறு வயதில் தொடங்கியது. இங்கே தோல் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்து காட்டினோம். ட்ரெட்டினோயின் கிறீம், 0.025 சதவீதம் என்று துண்டு எழுதித் தந்தார்கள். ரியூபைப் பார்த்தால் சுண்டுவிரல் நீளம்தான். இரவில் மட்டும் பூசவேண்டும், வெளிச்சம் பட்டால் அதன் வலு போய்விடும். முகம் கழுவி இருபது நிமிடம் காயவிட்டு, முழு முகத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து புள்ளி வைத்துப் பரப்பவேண்டும். பருவின் தலையில் மட்டும் தொட்டு வைக்கிற மருந்து இல்லை இது.

மூன்றாம் கிழமை உன் மகள் இருக்கிற அதே இடத்தில்தான் என் மகளும் நின்றாள். ஒரு நாள் காலை பாணுக்குச் சம்பல் தொட்டு வாயில் வைத்தவள் அலறிவிட்டாள். கடைவாய் இரண்டு பக்கமும் மெல்லியதாக வெடித்திருந்தது, அதில் மிளகாய் பட்டுவிட்டது. இரவு பூசும்போது மருந்து உதட்டோரம் வழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு கடைவாயிலும் மூக்கோரத்திலும் முதலில் கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டுத்தான் மருந்தைத் தொடுவாள். டொக்டரிடம் கேட்டோம், மூன்று இரவுக்கு ஒரு தரமாகக் குறைக்கச் சொன்னார். கிறீம் பூசுவதற்கு முன்னும் பின்னும் வாசனை இல்லாத ஈரப்பதக் கிறீம் ஒன்றும் சேர்ந்தது.

ஏன் கூடுகிறது என்று கேட்டாய். ரீச்சர் புத்தி, விளக்காமல் விடமாட்டேன். வெளியே தெரிகிற பரு இன்றைக்கு முளைத்தது இல்லை. மயிர்க்கணுவின் துவாரத்துக்குள் செத்த தோலும் எண்ணெயும் சேர்ந்து அடைத்து, கண்ணுக்குத் தெரியாமல் பல கிழமை உள்ளே கிடக்கும். உன் மகளின் ஜெல்லில் இருக்கிற அடாபலீனும் என் மகளின் ட்ரெட்டினோயினும் விற்றமின் ஏயின் சொந்தக்காரர். தோல் புதுப்பிக்கிற வேகத்தைக் கூட்டி, அடைப்பைக் கிளப்பிவிடும். உள்ளே கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும்போது முகம் கெட்டுப்போன மாதிரித் தெரியும். பன்னிரண்டு கிழமைக்கு முன் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அதனால்தான். எங்களுக்கு மூன்று மாதம் தாண்டித்தான் புதிதாக வருவது குறைந்தது. கறுத்த அடையாளங்கள் போக இன்னும் ஒரு வருடம். எங்கள் நிறத்துக்குப் பருவைவிட அந்தக் கறுப்புத்தான் பெரிய தலையிடி, வெயில் பட்டால் இன்னும் இருளும். இடது கன்னத்தில் இரண்டு இன்னும் இருக்கிறது.

இந்த ட்ரெட்டினோயின் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த அல்பேர்ட் கிளிக்மன் என்ற தோல் டொக்டரின் பெயர் வருகிறது. 1971இல் அமெரிக்காவில் பருவுக்கு அனுமதித்திருக்கிறார்கள். நாங்கள் பிறக்க முன்னமே இருந்த மருந்து, எங்களுக்கு வாய்த்தது எலுமிச்சம்புளி! அதே மனிதர்தான் பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பேர்க் சிறைக் கைதிகளின் தோலில் வருடக்கணக்காகச் சோதனை நடத்தியவர் என்பதையும் வாசித்தேன். அன்றிரவு மகள் ரியூபைப் பிதுக்கியபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

சரி, இரண்டாவது ஆள் என் தம்பியின் மகன். உப்புவெளியில் கடற்கரை ஹொட்டேல் ஒன்றில் வேலை, பகல் முழுக்க வெயில். என் மகளுக்குத் தந்த அதே கிறீம், அதே அளவுதான் அவனுக்கும். டொக்டர் சொன்னது பட்டாணி, அவன் எடுத்தது அவித்த கடலை. கூடப் பூசினால் கெதியாகப் போகும் என்ற கணக்கு. போதாததற்கு சொரசொரவென்று இருக்கிற சவர்க்காரம் ஒன்றால் தேய்த்தும் கழுவியிருக்கிறான். பத்தாம் நாள் முகம் காய்ந்த தோசைக்கல் மாதிரிப் பொருக்கு. ரியூபைக் குப்பையில் போட்டுவிட்டு "நஞ்சு மாமி அது" என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். இப்போது பென்சோயில் பெரொக்சைட் சேர்ந்த கழுவும் ஜெல் மட்டும் பாவிக்கிறான், அது அவனுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் தம்பி வீட்டில் நிறம் உள்ள துவாய் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊதாத் துவாயில் அவன் முகம் துடைத்த இடம் எல்லாம் தேமல் விழுந்த மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கிறது. உன் மகளின் ஜெல்லிலும் அந்தப் பெரொக்சைட் 2.5 சதவீதம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தலையணை உறையைக் கவனி.

மூன்றாவது, எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர். இவரைத்தான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இவர் ஒரு பிழையும் விடவில்லை. முப்பத்திநாலு வயது, மாதவிடாய்க்கு முன் நாடியிலும் தாடையோரத்திலும் வலியோடு உருண்டு வருகிற பரு. அடாபலீன் ஐந்து மாதம், அளவு தப்பாமல், ஒரு இரவு விடாமல் பூசினார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஹோர்மோனோடு சேர்ந்து வருகிற பருவுக்கு மேல்பூச்சு மட்டும் எல்லோருக்கும் போதாது என்று டொக்டரே சொன்னாராம். பிறகு குழந்தைக்கு யோசிக்கத் தொடங்கியதால் அதை நிற்பாட்டி அசெலயிக் அமிலக் கிறீம் கொடுத்தார்கள். விற்றமின் ஏ வகைகளைக் கர்ப்ப காலத்தில் பூசக்கூடாது, இதைப் பூசலாம். முதல் கொஞ்ச நாள் எறும்பு ஊருகிற மாதிரிச் சுணை, இப்போது பாதி குறைந்திருக்கிறது. "பாதியே காணும் அக்கா" என்கிறார்.

நாலாவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, கல்யாணம் பேசுகிற நேரம். ஒரு கடையில் துண்டும் இல்லாமல், பெயரும் இல்லாமல், சின்னச் சிமிழில் கலந்து கொடுத்த வெள்ளைக் கிறீம். ஐந்தே நாளில் முகம் பளிங்கு! மாமிமார் எல்லோரும் என் மகளிடம் "நீயும் அதைப் பூசன், ஏன் உரிஞ்சுகொண்டு திரியிறாய்" என்றார்கள். எனக்கே ஆசை வந்தது, ஒளிப்பானேன். இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை ஒரு நாள் பூசாவிட்டால் முகம் நெருப்பாகச் சிவந்து, சின்னச் சின்னதாகப் பொரிந்தது. கன்னத்தில் இரத்த நரம்பு நூலாகத் தெரியத் தொடங்கியது. கிளினிக்கில் பார்த்ததும் ஸ்ரெரொயிட் கலந்த கிறீம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மீள மாதக்கணக்கு எடுத்தது. உன் ஊரிலும் தமிழ்க் கடைகளில் வெள்ளையாக்கும் கிறீம்கள் அடுக்கி இருக்கும். யாராவது "இதைப் பூசு, ஒரு கிழமையில போகும்" என்று உன் மகளின் கையில் வைத்தால், அதை வாங்கிக் குப்பையில் போடு. எறிவதற்கு ஏற்றது அதுதான்.

டொக்டர் தந்த ஜெல்லை இப்போதைக்கு எறியாதே. ஆனால் ஒவ்வொரு இரவும் பூசத்தான் வேண்டும் என்று பிடிவாதமும் பிடிக்காதே. டொக்டருக்கு ஒரு கோல் எடுத்து, ஒன்றைவிட்டு ஒரு இரவு பூசலாமா என்று கேள். எவ்வளவு எடுக்கிறாள் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பார், என் தம்பி மகனின் கடலையாக இருக்கப்போகிறது. வேறு ஸ்கிரப், எரிகிற லோஷன் ஏதும் பாவிக்கிறாளா என்றும் கேள். கண் வீங்கினாலோ, முகம் தடித்துக் கடித்தாலோ, கொப்புளம் போட்டாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே நிற்பாட்டி டொக்டரைக் கேள். ஆழமாக உருண்டு பள்ளம் விழத் தொடங்கினால் பன்னிரண்டு கிழமைக்கும் காத்திருக்காதே, அதற்குக் குளிசை மருந்து இருக்கிறது, பிந்தினால் தழும்பு நின்றுவிடும்.

இன்னொன்று, இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று மாதமும் காலையில் மகள் அறையால் வெளிக்கிட்டதும், முன்வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து நாடியைப் பிடித்து இங்கால் அங்கால் திருப்பிப் பார்ப்பேன். "இண்டைக்குக் கொஞ்சம் குறைவு", "இதென்ன இதில புதுசு" என்று ஒரு அறிக்கையும் வாசிப்பேன். அக்கறை என்றுதான் நினைத்தேன். சில நாளில் பிள்ளை பல்லு மினுக்கிவிட்டுக் குசினிப் பக்கக் கதவால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். நான் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முன்கதவைத் திறந்தால் மண் வருமே என்று. அவளுடைய சிநேகிதி சொல்லித்தான் தெரிந்தது, என் கைக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு படம், அவளே எடுப்பாள், விரும்பினால் காட்டுவாள் என்று வைத்துக்கொண்டோம்.

ஆவணியில் வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய், மாற்றிவிடாதே. எனக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், முடிந்தால் வாசனை இல்லாத சன்ஸ்கிரீன் இரண்டு போத்தல் போதும், இங்கே அதன் விலை கேட்டால் முகமே வேண்டாம் என்று தோன்றும். கட்டாக் கருவாடு சொல்லி வைத்திருக்கிறேன். மகளையும் கூட்டி வா. ஜெல்லையும் மறக்காமல் கொண்டுவரட்டும், அவளுடைய கட்டிலுக்கு வெள்ளை உறையும் வெள்ளைத் துவாயும் எடுத்து வைத்துவிட்டேன். அதில் வெளிற ஒன்றும் இல்லை.

உன்,
பழைய வாங்குத் தோழி