மாதிரியைச் செய்ய வேண்டியது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை. ‘செய்து கற்றல்’ என்ற பெயரில் நாம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எரிமலை, சூரியக் குடும்பம், காற்றாலை என்று மாதிரி செய்து வரச் சொல்கிறோம். முந்தின நாள் ராத்திரி அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து தெர்மாகோல் வெட்டி, பசை தடவி, வண்ணம் அடித்து முடிக்கிறார்கள். பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் மேசையில் அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இதில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது?

கைவேலை வகுப்பறையில், பாட நேரத்தில் நடக்க வேண்டும். விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். பின்னப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?’ என்று கேட்டால், எட்டில் ஒன்றுதான் என்று பலர் கை தூக்குவார்கள். நான்கைவிட எட்டு பெரிதாயிற்றே! கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் பழையபடியே எழுதுவார்கள். அதனால் ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்றை இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரிக்க வேண்டும், மற்றதை மூன்று முறை. கட்டங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது வகுப்பு சற்று அடங்கும். அப்புறம் ஒரே சத்தம். ஒரு பையன் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், நிறையப் பேருக்குப் பங்கு போட்டா கொஞ்சம்தானே கிடைக்கும்” என்றான். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ஆனால் முதலில் ஊகிக்கச் சொல்லாமல் பொருளைக் கையில் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். களிமண் உருண்டை தண்ணீரில் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணம்போல் அகலமாக்கி விட்டால் மிதக்கும். ‘கனமா இருந்தா மூழ்கிடும்’ என்று அடித்துச் சொன்ன பிள்ளைதான், எடை மாறவில்லையே, பின்னே எப்படி என்று விடாமல் கேட்கும்.

இது நேற்று வந்த மோகமும் இல்லை. ஃப்ரோபெல் 1837-ல் ஜெர்மனியில் தொடங்கிய சிறார் பள்ளியில் பந்தும் உருளையும் மரக் கனசதுரமும்தான் கருவிகள். ரோம் நகரில் 1907-ல் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவவைத்துப் பழக்கினார்.

கைவேலை நடந்த நாளில், “இன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே” என்று பெற்றோர் கேட்கிறார்கள். பார்வையிட வருகிறவர்களும் எழுதிய பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். சத்தம் வரும், தரை குப்பையாகும், ஒரு பாடவேளையில் முடியாது, உண்மைதான். தலைமை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தரட்டும். மாதிரி செய்து வரச் சொல்லும் வீட்டுப்பாடத்தைத் தொடக்க வகுப்புகளிலாவது நிறுத்தட்டும். பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு வரும்போது, ‘இதை எப்படிச் செய்தாய், எந்த இடத்தில் சரியாக வரவில்லை?’ என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை