முன் பிரேக்கை அச்சமின்றிப் பிடிக்க ஏ.பி.எஸ். வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்க ஷோரூமுக்குப் போகும் குடும்பங்கள், குறிப்பாக 125 சிசி வண்டி போதும் என்று முடிவெடுத்தவர்கள், பணம் கட்டும் நேரத்தில் ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். எஞ்சின் ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், மைலேஜும் ஒன்றுதான், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்று வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி பொருத்திய வண்டிக்கு மட்டும் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். அதைக் கொடுக்கலாமா என்று உறவினர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்பது வழக்கம். பாலிடெக்னிக் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் நான் சொல்லும் காரணம் விற்பனையாளர்கள் சொல்லும் காரணத்திலிருந்து வேறுபடுவதால், அதைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது முன், பின் பிரேக்குகளை இணைத்து வைக்கும் சி.பி.எஸ். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று விடப்பட்டது. எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூன் மாதம் வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் தரப்பில் அவகாசம் கேட்கப்பட்டது. நம் நாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் வண்டிகள் இந்தச் சிறிய எஞ்சின் வகையைச் சேர்ந்தவைதாம் என்பதையும், 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விலை குறைந்த வண்டிக்குக் குறைந்த பாதுகாப்பு போதும் என்ற அந்த ஏற்பாடு எவ்வளவு பிழையானது என்பது புரியும். அதே ஆண்டில் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

இனி என் காரணத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பாவோ அண்ணனோ முதல் நாளிலேயே சொல்லும் அறிவுரை, “முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துவிடும்” என்பதுதான். அது அனுபவத்திலிருந்து பிறந்த அறிவுரை. அதில் உண்மை இருக்கிறது. ஓடும் வண்டியின் முன் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கத் தொடங்கினால், கைப்பிடியைத் திருப்பி வண்டியைச் சமாளிக்கும் வாய்ப்பு அந்தக் கணமே போய்விடுகிறது. கால் ஊன்றுவதற்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், ஆனாலும் பெரும்பாலும் தேறிவிடலாம். எனவே மழைச் சாலையிலும் மணல் சிதறிய திருப்பத்திலும் ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள், தம் பிள்ளைகளைக் கால் பிரேக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அறிவுரைக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்பக்கம் பாய்கின்றன. முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் இலேசாகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடும் அதற்கு மேலும், முன் சக்கரத்திடம்தான் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடிப்பவர், பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிட முடியும். கால் பிரேக்கை மட்டும் நம்புபவருக்குச் சுமார் 40 மீட்டர் ஆகும். இயற்பியல் படித்த எவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. முதலாமவர் முழுமையாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு இடைவெளியில் திடீரெனத் திரும்பும் டிராக்டருக்கு முன்னால், நிற்பதற்கும் மோதுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த இருபது மீட்டர்தான்.

ஆக, முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவோமோ என்ற அச்சம் ஒருபுறம். பிடிக்காவிட்டால் மோதுவோம் என்ற நிலை மறுபுறம். ஏ.பி.எஸ். இந்தச் சிக்கலைத்தான் அவிழ்க்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையம் ஒன்றும், அதன் அருகே ஒரு சென்சாரும் இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அந்தச் சென்சார் இடைவிடாமல் கணக்கிட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் வேகம் இயல்புக்கு மாறாகச் சட்டென விழுந்தால், அது நின்று வழுக்கப்போகிறது என்று பொருள். உடனே வால்வு திறந்து பிரேக் ஆயிலின் அழுத்தம் சற்றுத் தணிகிறது; சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் ஏறுகிறது. இது ஒரு நொடிக்குள் பல முறை நடக்கிறது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரின் விரல்களாலும் அந்த வேகத்தில் விட்டு விட்டுப் பிடிக்க இயலாது. அதிலும் எதிரே ஆபத்தைக் கண்டு திகைத்த நொடியில் எவருடைய கையும் இறுகத்தான் செய்யும், தளராது.

விற்பனையாளர்கள் பொதுவாக “சீக்கிரம் நிற்கும்” என்று சொல்லி ஏ.பி.எஸ்.ஸை விற்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. உலர்ந்த நல்ல சாலையில், கை தேர்ந்த ஓட்டுநர் ஏ.பி.எஸ். இல்லாமலும் ஏறத்தாழ அதே தூரத்தில் நிறுத்திவிடுவார். தளர்ந்த சரளையிலும் மணலிலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி சற்று நீண்ட தூரம் உருண்டே நிற்கும். வேகத்தடையின் மேலோ குழியின் விளிம்பிலோ பிரேக் பிடித்தால், சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் கணத்தில் பிரேக் நழுவியதுபோல் தோன்றும். கொண்டை ஊசி வளைவில் மிகையான வேகத்தில் சாய்ந்தவரைச் சாதாரண ஏ.பி.எஸ். காப்பாற்றாது, தேய்ந்து வழவழப்பான டயருக்கு அது புதிய பிடிப்பைத் தந்துவிடாது. சாதாரண மனிதர், சாதாரண திறமையோடு, முன் பிரேக்கை முழு வலிமையோடு பிடித்தும் நிமிர்ந்தே நிற்க முடியும் என்பதுதான் அது தரும் உறுதி. அந்த உறுதிக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம், அதற்குக் கொடுப்பது தகும்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தும் அல்ல. ஸ்பெயின், இத்தாலி, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் விபத்துப் பதிவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஏ.பி.எஸ். உள்ள மோட்டார் சைக்கிள்களில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் இத்தாலியில் 24 விழுக்காடும், ஸ்பெயினில் 29 விழுக்காடும், சுவீடனில் 34 விழுக்காடும் குறைந்திருந்தன. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், ஒரே மாடலின் ஏ.பி.எஸ். உள்ள, இல்லாத இரு வகைகளையும் ஒப்பிட்டு, உயிரிழப்பு விபத்துகள் 22 விழுக்காடு குறைவதாகக் கணித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2016இலேயே இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியச் சாலை வேறு, நம் சாலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறுக்கே மாடும், எதிர்த்திசையில் ஆட்டோவும், சாலையில் காயவைத்த தானியமும், முதல் மழையில் எண்ணெய்ப் படலமும் இருக்கும் நம் சாலையில்தான் திடீர் பிரேக்கின் தேவை கூடுதலாக இருக்கிறது. அதன் பயனும் இங்கே குறைய வழியில்லை.

இங்கே சி.பி.எஸ். பற்றி ஒரு தெளிவு தேவை. “இதிலும் ‘எஸ்’ இருக்கிறது சார், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்” என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி என் உறவினரிடம் சொன்னதைக் கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல. கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும்படி இரண்டையும் இணைத்து வைப்பது மட்டுமே சி.பி.எஸ். செய்யும் வேலை. முன் பிரேக்கைத் தொடாதவர்களுக்கு அது நன்மைதான். ஆனால் சக்கரம் நின்று வழுக்குவதைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் அதில் கிடையாது. சிங்கிள் சேனல், டூயல் சேனல் என்ற தேர்வு வரும்போது, கையில் பணம் இருந்தால் டூயல் சேனல் நல்லது. பின் சக்கரமும் வழுக்காது. பணம் இல்லையென்றால் முன் சக்கரத்துக்கு மட்டுமான சிங்கிள் சேனலே போதும், ஏனெனில் நம்மைத் தரையில் தள்ளுவது முன் சக்கரம்தான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024 தொடக்கத்தில் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் அறிமுகமானபோது, இணைப்பு பிரேக் உள்ள வகையின் டெல்லி ஷோரூம் விலை 95,000 ரூபாய், ஏ.பி.எஸ். உள்ள வகை 99,500 ரூபாய். வேறுபாடு 4,500 ரூபாய். பின்னர் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு லட்ச ரூபாய் ஷோரூம் விலையுள்ள வண்டிக்கு இதனால் சுமார் 7,800 ரூபாய் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்குள்ளேயே ஏ.பி.எஸ். அடங்கிவிடுகிறது. கிராஷ் கார்டு, சீட் கவர், ஸ்டிக்கர், பிடித்தமான பதிவெண் என்று அதே ஷோரூமில் மறுபேச்சில்லாமல் செலவழிக்கும் பெற்றோர், பிள்ளையின் உயிரைத் தாங்கும் கருவியிடம் மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு வேதனை தருகிறது. பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். வாங்கும்போது இல்லாத வண்டியில் பின்னாளில் அதை முறையாகப் பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம்.

பழுதானால் செலவு அதிகம் என்ற பேச்சு பட்டறைகளில் உலவுகிறது. முழுக் கருவியையே மாற்ற நேர்ந்தால் செலவு பெரிதுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் நேர்வது சென்சாரில் சேறு அப்பிக்கொள்வது, வயர் தளர்வது, பஞ்சர் ஒட்டும்போது பல் வளையம் நெளிவது போன்ற சிறு குறைகளே. கருவி வேலை செய்யாவிட்டாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். இக்னிஷன் போட்டதும் மீட்டரில் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு, வண்டி நகர்ந்த சில மீட்டரில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் உள்ளே இருக்கும் வால்வுகள் துருப்பிடிக்காமல் நீண்ட நாள் உழைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கு உள்ள பெருங்கவலையைச் சொல்ல வேண்டும். ஏ.பி.எஸ். வண்டியை வாங்கிவிட்டு, பழைய அறிவுரைப்படி கால் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டிருப்பவர் அந்தப் பணத்தை வீணாக்குகிறார். சிங்கிள் சேனல் வண்டியில் அவர் பயன்படுத்தாத பிரேக்கில்தான் அந்தக் கருவி இருக்கிறது. வேறு சிலர் முன் பிரேக்கை அழுத்தும்போது லீவரில் தட்டும் அதிர்வை முதன்முறையாக உணர்ந்து, ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் போகிறது. அந்த அதிர்வு கருவி வேலை செய்வதன் அடையாளம். அப்போதுதான் மேலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லிக் கேட்டால் போதாது, கையால் உணர்ந்தாக வேண்டும். டயர் நல்ல நிலையில் உள்ள வண்டியில், ஆள் நடமாட்டமில்லாத நேரான உலர்ந்த சாலையில், ஹெல்மெட் அணிந்துகொண்டு, மணிக்கு 20 கிலோமீட்டரில் தொடங்கி, வண்டியை நிமிர்த்தி வைத்தபடி இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தமாகப் பிடித்துப் பழக வேண்டும். ஓரிரு காலைப் பொழுதுகளில் கை அதைக் கற்றுக்கொள்ளும்.

நம் ஓட்டுநர் உரிமத் தேர்வு, நடைமுறையில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. மெதுவாக ஓட்டுவதில் உள்ள நிதானத்தை அது சோதிக்கிறது. நிறுத்தத் தெரியுமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. எட்டுப் போடும் அதே திடலில், நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஆய்வாளர் கை காட்டியதும் இரண்டு பிரேக்குகளையும் பிடித்துக் குறித்த கோட்டுக்குள் நிறுத்திக் காட்டும் ஒரு பகுதியைச் சேர்க்குமாறு தமிழ்நாடு போக்குவரத்துத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வாகன விற்பனையாளர்களும், ஏ.பி.எஸ். வண்டி வாங்குபவருக்குச் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன், ஒருமுறையாவது அவரையே ஓட்டச் செய்து அந்த அதிர்வை உணர வைத்து அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் துறை விரிவுரையாளர்,
நாமக்கல்.