மாத்திரை கரையும் நேரம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

போனில் பேசினால் வீட்டில் யார் காதிலாவது விழும் என்று உன் தம்பி மகனின் போதைப் பழக்கத்தை நீ கடிதமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. எனக்கும் இதைப் பேச வராது. படித்துவிட்டு உன் தம்பியிடமும் கொடு, ஒளித்து வைக்காதே.

எங்கள் அக்கா மகன் சரவணன் கதையும் இதேதான். மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைத்த வலி மாத்திரை, டேப்பென்டடால். அதை நுணுக்கித் தண்ணீரில் கலந்து நரம்பில் ஏற்றியிருக்கிறான். முழங்கை மடிப்பில் தடித்துக் கறுத்துக் கிடந்ததை சைலன்சர் சுட்டது என்றான். பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன், நம்பிவிட்டோம்.

மூன்று மாதம் எங்கேயாவது உள்ளே போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். பேர் வேண்டாம், ஒரு மையம். ராத்திரியில் ஆள் அனுப்பி வேனில் தூக்கிப் போனார்கள். ஒரு மாதம் பார்க்கவே விடவில்லை. டாக்டரை அவன் மொத்தம் இரண்டு முறை பார்த்தானாம். ஆனால் திரும்பி வரும்போது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நாலாம் நாள் ராத்திரி பாத்ரூம் கதவைத் தட்டினோம், பதில் இல்லை.

உடைத்து உள்ளே போனால் உதடு நீலம். மூச்சு எப்போதோ ஒன்று, குறட்டை மாதிரி. 108-ல் கொண்டுபோனோம். கேஷுவாலிட்டியில் நலோக்சோன் என்று ஒரு ஊசி போட்டார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "எதுக்கு மாமா எழுப்புனீங்க?" என்றான். ஊசியின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், மறுபடி மூச்சு குறையலாம் என்று விடிய விடிய அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

காலையில் டாக்டர் அம்மா சொன்னதுதான் எனக்குத் தூக்கிப் போட்டது. அவன் கூடுதலாக ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. பழைய அளவுதான். மூன்று மாதம் விட்டிருந்ததில் உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. இப்படி நிறுத்திவிட்டு வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு மோசமாம். அந்த மையத்தில் ஒருத்தர்கூட எங்களிடம் இதைச் சொல்லவில்லை. வேனில் தூக்கிப் போனதைக்கூட மன்னித்துவிடுவேன்.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சேர்த்தோம். முதலில் ரத்தம் எடுத்து எச்ஐவி, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி இரண்டும் பார்த்தார்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போடுகிறவர்களுக்கு வருமாம். நல்லவேளை, இல்லை. மருந்து ஆரம்பிக்க அவனுக்குப் போதை இறங்கிய அவஸ்தை வரட்டும் என்று காத்திருந்தார்கள். கொட்டாவி, மூக்கில் தண்ணீர், கைமுடி சிலிர்ப்பு, கால் குடைச்சல். இதெல்லாம் வருமுன் கொடுத்தால் அந்த மருந்தே அவஸ்தையைக் கிளப்பிவிடுமாம். மருந்தின் பேர் புப்ரெனார்பின். நாக்குக்கு அடியில் வைக்கும் சின்ன மாத்திரை.

அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "ஒரு மாத்திரைய விடவைக்க இன்னொரு மாத்திரையா?" உன் தம்பி மனைவியும் இதையே கேட்பாள், எழுதி வைத்துக்கொள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: மூளையில் பழைய சரக்கு உட்கார்ந்த அதே இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் போதை ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கை நடுக்கமோ ஏக்கமோ இல்லாமல் வேலைக்குப் போகலாம். ஆனால் கூடவே குடியும் தூக்க மாத்திரையும் கூடாது. எப்போது நிறுத்துவது? அவசரமில்லை, வருடக்கணக்கில்கூட ஆகலாம், குறைப்பதை மெதுவாகத்தான் செய்ய வேண்டும் என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். இப்போது பதினாலு மாதம் ஆகிறது. நடுவில் தீபாவளிக்கு ஒருமுறை சறுக்கினான். மறுநாள் அவனே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

மாத்திரையோடு கவுன்சலிங்கும் உண்டு. வாரம் ஒருநாள் நார்கோடிக்ஸ் அனானிமஸ் என்று, போதையை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போகிறான். அங்கே என்ன பேசுவார்கள் என்று நான் கேட்பதில்லை.

உங்களுக்கு வழி: போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போடு, காசில்லை, பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். 2025-ல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்று போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள், அதையும் விசாரி. சென்னை என்றால் அடையாறு பக்கம் டிடிகே மருத்துவமனை. கணவரைக் குடியால் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அங்கே வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். தனியார் மையம் எதுவானாலும் மனநல ஆணையப் பதிவைக் காட்டச் சொல். மனநல டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்றும் கேள். மழுப்பினால் எழுந்து வந்துவிடு. சங்கிலியால் கட்டிப் போடுவது 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.

போலீஸ் பயம் வேண்டாம். கஞ்சா, ஹெராயின் என்றாலும், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருந்தவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது.

சரவணனுக்கு வாய் ஓயாது, உனக்கே தெரியும். காலையில் மாத்திரை வைத்தால் மட்டும் கரையும்வரை ஐந்து, பத்து நிமிடம் பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. அக்கா எதிரில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்து காட்டினால்தான் டம்ளர் கைக்கு வரும்.

இன்று காலை அந்த நேரத்தில்தான் போயிருந்தேன். சனிக்கிழமை திருப்பூருக்கு வருகிறாயா, முருகேசன் மாமாவின் தம்பி மகனிடம் நீ பேசினால் நல்லது என்றேன். தலையை ஆட்டினான். என்னடா சொல்லுவே என்று கேட்டேன். வாயை மூடியபடியே, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினான்.

உன்,
செல்வராஜ்