1088 யார் குறித்த ஆண்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் எது என்று கேட்டால், 1088 என்ற ஆண்டைச் சொல்லி இத்தாலியின் பொலோன்யாவைக் கைகாட்டுகிறார்கள். அந்த ஆண்டில் அங்கே யாரும் திறப்புவிழா நடத்தவில்லை. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுக்க, கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் குறித்த ஆண்டு அது.

'யுனிவர்சிட்டாஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அன்று சங்கம் என்றுதான் பொருள். கட்டடமே கிடையாது, வாடகை அறைகளில் பாடம் நடந்தது. பொலோன்யாவில் அந்தச் சங்கம், சட்டம் படிக்க வெளியூரிலிருந்து வந்த மாணவர்களுடையது. கடிவாளமும் அவர்கள் கையில்தான். மணியடித்ததும் ஆசிரியர் தொடங்க வேண்டும். அடுத்த மணிக்குப் பிறகும் இழுத்தால் அபராதம். கேட்க ஐந்து பேர்கூட வரவில்லையென்றால் ஆசிரியரே வராததாகக் கணக்கு! ஊரைவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்ட வேண்டும்.

பாரிஸில் நேர்மாறு: அங்கே சங்கம் ஆசிரியர்களுடையது. 1229இல் மாணவர் சிலர் கொல்லப்பட்டதும் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். சொந்தக் கட்டடம் இல்லாததே அவர்கள் பலம். 1231இல் போப்பாண்டவரின் ஆணை வந்து அவர்கள் உரிமைகளை உறுதிசெய்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1209இல் மாணவர்கள் தூக்கிலிடப்பட்ட பின் அங்கிருந்து வெளியேறிய கல்வியாளர்களால்தான் கேம்பிரிட்ஜ் பிறந்தது.

மொராக்கோவில் ஃபெஸ் நகரின் அல் கராவீன் 859இல் பள்ளிவாசலாக எழுந்தது; அரசுப் பல்கலைக்கழகமானது 1963இல். நாளந்தா ஐந்தாம் நூற்றாண்டு மகாவிகாரம், அதாவது பெரிய பௌத்த மடம். கற்பித்தலின் தொன்மையை அளந்தால் இவை முந்தும். பட்டம் தரும் உரிமையுள்ள சங்கத்தைத் தேடினால் பொலோன்யாதான். எந்த அளவுகோல் என்பதைச் சொல்லாமல் 'முதல்' என்று அச்சிடுவது சரியல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்