பூண்டுலோயாவில் ஒரு பூச்சியியலாளர்

ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியால் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அடைமழை. மூட்டுவலியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடுமாகையால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டுத் தோட்டத்துக் கோப்பி இலைகளில் கரி படிகிறது, எறும்பும் மொய்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இலையைத் திருப்பி, நடுநரம்பின் ஓரமாக உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிர்பச்சை நிறத்தில், எள்ளளவில், தட்டையான பொட்டுகள் ஒட்டியிருந்து, அவற்றின் முதுகினூடே வளைந்த கறுப்புக் கோடொன்றாகக் குடல் தெரியுமானால் அவை பச்சைச் செதிற்பூச்சிகளே. குஞ்சுப் பருவத்தில் ஊர்ந்து திரிந்து இடம் தேடும் இந்தப் பூச்சி, நுண்ணிய வாயுறுப்பை இலைக்குள் செலுத்தியபின் பெரும்பாலும் அங்கேயே கிடந்து சாறு குடிக்கும். மிஞ்சும் சர்க்கரையை அது இனிப்பான நீராகக் கழிக்கிறது. அதற்காகத்தான் எறும்பு வருகிறது. இலையில் சொட்டியதன் மேல் கரும்பூசணமும் படர்கிறது.

இந்தப் பூச்சியை 1889இல் முதன்முதலில் விவரித்துப் பெயரிட்ட எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன், நம் மலையகத்துப் பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்தவர். 1861இல் கொழும்பில் பிறந்தவர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயே கோப்பியை அழித்தது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், நாமும் பிள்ளைகளுக்கு அப்படியே படிப்பித்தோம். துருநோயால் நலிந்து நின்ற மரங்களில் 1880களில் இந்தச் செதிற்பூச்சியும் பெருகி மிச்சத்தைக் குடித்த கதை அங்கே இல்லை. கோப்பி வீழ்ந்தபோது கூலிப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றவர்கள் நம் முன்னோர்கள். ஆகவே, இந்த எள்ளளவு உயிருக்கு நம் சரித்திரத்தில் ஒரு பத்தியேனும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வண்ணத்துப்பூச்சியும் பொன்வண்டும் தேடி அலைந்த இயற்கையியலாளர்கள் எத்தனையோ பேர். பார்ப்பவர்கள் பூச்சி என்றே எண்ணாமல் மரப்பட்டையின் சொறி என்று கடந்து போகும் ஓர் இனத்துக்காக, ‘இலங்கையின் செதிற்பூச்சிகள்’ என்ற பொருளில் ஐந்து பாகங்களாக ஆங்கில நூல் எழுதி, 1896 முதல் 1922 வரை அதை வெளியிட்டுக்கொண்டிருந்த மனிதரை என்னவென்று சொல்வது? பெண் பூச்சிக்கு இறகே கிடையாது. ஆண் உள்ள இனங்களில் அது பெரும்பாலும் ஒரு சோடி இறகோடு வெளிவந்து, உண்ண வாயில்லாமல், சொற்பகாலத்தில் இறந்துபோகிறது. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் உறவென்று நம்ப முடியாது. அவற்றைப் பொருத்திப் பார்த்து அடையாளம் காணும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தோட்டத்து ஆட்கள் இலையும் கிளையும் ஒடித்துக் கொடுக்காமல் துரை ஒருவராகவே இவ்வளவையும் சேர்த்திருப்பாரா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு.

முசுறு எறும்பு இலைகளைத் தைப்பது எப்படி என்பதைப் பற்றியும் அவர் 1896இல் எழுதியிருக்கிறார். சில எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில தம் கூட்டிலுள்ள இளம் புழுக்களையே வாயில் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் விளிம்புகளை இணைக்கின்றன. மரத்தடியில் நின்று கடிபட்டதோடு திரும்பிவந்த நமக்கு அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் அவர் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து சென்று, 1949இல் காலமானார்.

கண்டியில் இருக்கும் உங்கள் மருமகனிடம், அந்த ஐந்து பாகங்களும் பேராதனையில் எந்த நூலகத்திலாவது பார்வைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைக்குமென்றால், மழை விட்டதும் நான் இங்கிருந்து ரயிலேறி வந்துவிடுகிறேன். நீங்களும் பதுளையிலிருந்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்