இந்த வரி வரை சரி

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சிறு வயதில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். வாய்ப்பாடு சீக்கிரம் மனப்பாடமானது, அவ்வளவுதான் காரணம். ஆனால் நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். இயற்கணிதம் வந்தபோது முதன்முறையாக ஒரு பாடம் பிடிபடவில்லை. கையை உயர்த்திக் கேட்டிருக்கலாம். கேட்டால் கெட்டிக்காரி இல்லை என்று தெரிந்துவிடுமே! இரண்டு ஆண்டுகள் தெரிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டேன். தெரியாத கணக்கு வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று பிறகுதான் படித்து அறிந்தேன். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும், வேறு சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்ததாக எளிய புதிர்களையே விரும்பினார்கள். கடினமான புதிர்களில் தடுமாறிய பின், முன்பு போட்ட அளவுக்குக்கூட அவர்களால் போட முடியவில்லை. மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நானும் வீட்டில் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவள்.

என்னை மாற்றியது அறிவுரை அல்ல, ஒரு விடைத்தாள். தவறான கணக்கின் குறுக்கே கோடு கிழிப்பதற்குப் பதிலாக, நான்காம் வரியின் ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'இந்த வரி வரை சரி. இங்கிருந்து மீண்டும் போட்டுக் கொண்டு வா.' நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. அடுத்த வரியில், உள்ளே இருந்த முதல் உறுப்பின் குறியை மாற்றியிருந்தேன். இரண்டாவதை அப்படியே விட்டிருந்தேன். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அதே பிழை! எனக்கு மூளை இல்லை என்று இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். இல்லாமல் போனது ஒரு குறி.

அன்று முதல் தவறுகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். விடையை அல்ல, எந்த வரியில் வழி தவறியது என்பதை மட்டும் அதில் எழுதுவேன்.

அறிவை முயற்சியால் வளர்க்கலாம் என்று டுவெக் சொன்ன 'வளர்ச்சி மனப்பான்மை' பற்றி இப்போது வகுப்புகளில் நிறையப் பேசுகிறீர்கள். 'முயன்றால் முடியும்' என்று சுவரில் ஒட்டுகிறீர்கள். மன்னியுங்கள், தவறான வழியில் முயல்கிறவருக்கு அந்த வாசகம் உதவாது. முயன்றும் முடியவில்லையே என்ற குற்ற உணர்வைத்தான் கூட்டும். முயற்சியை வெறுமனே பாராட்டுவது போதாது என்று டுவெக்கே 2015இல் எழுதினார். 2019இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவர்களிடம் நடந்த ஆய்விலும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வளர்ச்சி மனப்பான்மைப் பயிற்சி பின்தங்கியவர்களின் மதிப்பெண்ணைச் சிறிதளவே உயர்த்தியது. அந்தச் சிறிதளவும், சவாலை விரும்பும் சக மாணவர்கள் இருந்த பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது.

கட்டுக்கட்டாகத் தாள்கள் உங்களுக்காகக் காத்திருப்பதை அறிவேன். எல்லாக் கணக்குக்கும் குறிப்பு எழுத நேரம் இருக்காது. ஒரே ஒரு கணக்கிலாவது, சரியாக இருந்த கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அதை மீண்டும் போட்டுக் கொண்டு வருபவருக்கு மதிப்பெண் கொடுங்கள். அடுத்த தேர்விலிருந்தே தொடங்க முடியுமா?

இப்படிக்கு,
உங்கள் மாணவி