ஓடைக்கரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தினர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் நம் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரைத் திருப்பணி அம்மன் அருளால் நல்லபடியாக முடிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கரை சரிந்து மதில் அடிவரை மண் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மதிலை எழுப்பினோம். கரையைப் பிடித்து நிறுத்த வேர் வேண்டுமே என்பதால் செடிகொடிப் பக்கம் திரும்பினோம்: மண்டிக்கிடந்த வேற்றுநாட்டுச் செடிகளை அகற்றி, இந்நாட்டு மரங்களை நட முடிவு செய்தோம்.

உண்ணிச்செடிதான் (லந்தானா) அதிக வேலை வைத்தது. முதல் முறை வெட்டியதோடு விட்டுவிட்டோம். அடிக்கட்டையில் அப்போதே மருந்து பூசாததால் எல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. அப்புறம்தான் முறையாகச் செய்தோம். வெட்டும்போது ஒரு கிளையில் விரல் நீளத்தில் குட்டைப் பச்சோந்தி ஒன்று இருந்தது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கே உரிய இனம் அது. கிளையோடு முறித்து, வெட்டாமல் விட்ட புதரில் கொண்டுபோய் வைத்தோம். அன்றுமுதல் ஒவ்வொரு புதரையும் பார்த்துவிட்டே கத்தி வைத்தோம்.

கரையிலிருந்த சிரிங்கா மரத்தைப் பற்றிப் பலர் மனம் வருந்தியது தெரியும். வேம்பு கிடைக்காத நாளில் நம் பாட்டிமார் அம்மை கண்ட பிள்ளைகளுக்கு விரித்தது அதன் இலையைத்தான். ஆனால் அது வேம்பு அல்ல, மலைவேம்பின் இனம். மஞ்சள் காய்களைப் பறவைகள் பரப்பும், தண்ணீரும் அடித்துக்கொண்டு போகும். ஊருக்குள் இருப்பதை வேற்றுநாட்டுச் செடிகள் பற்றிய சட்டம் பொறுத்துக்கொண்டாலும், ஓடைக்கரையில் நிற்பதை அகற்றியே ஆகவேண்டும். மஞ்சள்நீர் தெளித்து, கற்பூரம் காட்டித்தான் வெட்டினோம். அது சரியான முடிவு என்றே குழு கருதுகிறது.

அந்த இடத்தில் உம்டோனி என்ற இந்நாட்டு மரத்தை நட்டிருக்கிறோம். நம் நாவலுக்குப் பங்காளி. இலையைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: நாவலிலைக்குக் காம்பு உண்டு, இது அடியில் நெஞ்சு வடிவில் விரிந்து தண்டை ஒட்டியே இருக்கும். ஈர மண்ணில் நன்றாக வரும், பழம் ஊதா நிறம், தின்னலாம். கூடவே புங்கத்தின் இனமான உம்சிம்பீட், கல்யாண முருங்கையின் இனமான செம்பூ மரம், காட்டு வாழை ஆகியவையும் நட்டோம். காட்டு வாழைப் பூவில் தேன்சிட்டு வரும். உம்டோனி காய்க்கும் காலத்தில், சில்வர்க்ளென் காப்புக்காட்டுப் பக்கம் கத்தும் கொம்பு இருவாச்சிப் பறவை (trumpeter hornbill) நம் கரைக்கும் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

குரங்குகளுக்குப் பிரசாதம் போட வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். பழகிவிட்டால் கன்றுகளைப் பிடுங்கிப்போடும்.

வரவு செலவுக் கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். முளைத்துவரும் உண்ணிச்செடியைப் பிடுங்க மாதம் ஒரு சனிக்கிழமை ஆள் வேண்டும். முன்முற்றத்தில், ஓடைக்கு எட்டத்தில், வேப்பங்கன்று ஒன்று வைத்திருக்கிறோம். சிரிங்கா, இங்கே குளிர்காலமான ஆடி மாதத்தில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், வேம்பு அப்படி நிற்காது. இந்த ஆண்டு ஆடிக் கூழுக்கு அந்தக் கன்றில் கை வைக்க முடியாது. வீட்டில் வேம்பு உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு கொத்து கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்